உங்களுக்குத் தெரியுமா? இன்டர்பிரட்டருக்குள் ஒளிந்த பிழைகள்

● நிரலைப் படித்து அப்போதே இயக்கும் மென்பொருள் இன்டர்பிரட்டர். லிஸ்ப் மொழிக்கு முதல் இன்டர்பிரட்டரை ஐபிஎம் 704 கணினியில் எழுதியவர் ஸ்டீவ் ரஸ்ஸல்.

● ஒரு ஃபங்ஷனை இன்னொன்றிடம் கொடுத்தால், அந்த லிஸ்ப் சில சமயம் வேறொரு மாறியின் மதிப்பை எடுத்துக்கொண்டது. ‘சின்னப் பிழைதான், ரஸ்ஸல் சரிசெய்துவிடுவார்’ என்றே மொழியை உருவாக்கிய ஜான் மெக்கார்த்தி முதலில் நினைத்தார். கோளாறோ மொழியின் விதியிலேயே இருந்தது. 1975இல் வந்த ஸ்கீம் என்ற லிஸ்ப் வகை அந்த விதியை மாற்றிக்கொண்டது.

● –7ஐ 3ஆல் வகுத்தால் மீதி என்ன? பைத்தானும் ரூபியும் 2 என்கின்றன; ஜாவாஸ்கிரிப்ட் –1 என்கிறது. ஈவை முன்னவை –3 எனக் கீழே இறக்குகின்றன. பின்னது –2 என்று வெட்டிவிடுகிறது. இரண்டும் சரியே. பல மொழிகளுக்கு இன்டர்பிரட்டர் எழுதுபவர் ஒன்றின் வகுத்தலை அப்படியே மற்றொன்றுக்கு நகலெடுத்தால் மாட்டிக்கொள்வார்.

● ஜாவாஸ்கிரிப்ட்டில் வெறுமையைக் குறிக்கும் ‘நல்’ (null) என்ன வகை என்று கேட்டால் ‘ஆப்ஜெக்ட்’ என்று பதில் வரும். 1995இல் எழுதிய முதல் இன்டர்பிரட்டரில் ஆப்ஜெக்ட்டுக்கான அடையாள பிட்டுகள் 000. ‘நல்’லோ முழுக்கப் பூஜ்யம். திருத்தினால் பழைய இணையதளங்கள் பழுதாகும் என்பதால், அந்தப் பிழை இன்று அதிகாரபூர்வ விதி!