உறுதி முடிக்கும் பணத்தில் ஓர் ஏழைக்குக் கூரை



பதுளையிலோ பண்டாரவளையிலோ ஒரு காணித் துண்டு கைமாறினால், நொத்தாரிசிடம் உறுதி முடிக்கும்போது முத்திரைத் தீர்வை கட்டுகிறோம். அந்தப் பணம் எங்கே போகிறது என்று என்றைக்காவது கேட்டிருக்கிறீர்களா?

1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தப்படி அது மாகாணத்துக்கு உரிய வருமானம். காணி அமைந்துள்ள மாநகர சபைக்கோ பிரதேச சபைக்கோ அது போய்ச் சேருகிறது. விற்பனைக்கு வழக்கமான வீதம் முதல் ஒரு இலட்சம் ரூபாவுக்கு 3 சதவீதம், மீதிக்கு 4 சதவீதம். ஒரு கோடி ரூபாக் காணி என்றால் 399,000 ரூபா!

இப்போது தோட்டப் பக்கம் பாருங்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவில் தலைமுறை தலைமுறையாகக் குடும்பங்கள் வாழ்கின்றன. அந்தத் தாய்மாரின் பெயரில் உறுதி இல்லை. விற்கவோ மகளுக்கு எழுதிக் கொடுக்கவோ ஒன்றும் இல்லை. கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிவு அபாயம் பற்றி 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. ஆனாலும் போக இடம் வேண்டாமா? 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை சரிந்து லயங்களை மூடியது.

பிரதேச சபைகள் ஏன் உதவவில்லை? தோட்டக் குடியிருப்புகளுக்குள் சபை நிதியைச் செலவிட 1987ஆம் ஆண்டுச் சட்டம் தடையாக இருந்தது. 2018இல் அது திருத்தப்பட்டது. கதவு திறந்துவிட்டது, பணம்தான் வேண்டும்.

ஆகவே ஒரு யோசனை. ஒரு கோடி ரூபாவுக்கு மேற்பட்ட விற்பனையில், மேலதிகத் தொகைக்கு மட்டும் இன்னும் ஒரு சதவீதம் வசூலிக்கட்டும். மூன்று கோடிக்குக் காணி வாங்குபவருக்கு அது இரண்டு இலட்சம். சிறிய வீடு வாங்கும் குடும்பத்துக்கும், மகளுக்கு நன்கொடை உறுதி எழுதும் தாய்க்கும் ஒரு சதம்கூடக் கூடாது. எல்லப் பகுதியில் நிலம் விலையேறியதற்குத் தேயிலை மலைகளின் அழகும் ஒரு காரணம் அல்லவா? அந்த மலையைப் பசுமையாக வைத்திருப்பவளுக்கும் அதில் பங்கு வேண்டாமா?

அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகர மக்கள் 2022இல் வாக்களித்து, 50 இலட்சம் டொலருக்கு மேற்பட்ட விற்பனைகளுக்கு 4 சதவீதமும், ஒரு கோடி டொலருக்கு மேல் 5.5 சதவீதமும் வரி விதித்தார்கள். அந்தப் பணம் எளியோரின் வீடமைப்புக்கே. பெரிய விற்பனைகள் குறைந்துவிட்டன என்ற முறைப்பாடும் அங்கே உண்டு. அதனால்தான் நாம் கேட்பது ஒரு சதவீதம் மட்டுமே.

“விலையைக் குறைத்து எழுதிவிடுவார்களே” என்பீர்கள். உண்மைதான். அரச மதிப்பீடு கண்டிப்பாக இருக்க வேண்டும். பணம் தனிக் கணக்கில் சேர வேண்டும். வரவு செலவைச் சபை வாசலில் ஒட்ட வேண்டும். தோட்ட நிலம் அரசுக்குச் சொந்தம். 1992 முதல் கம்பனிகளிடம் குத்தகைக்கு உள்ளது. ஆகவே மண்சரிவு அபாயமற்ற நிலத்தை அரசு விடுவிக்காமல் பணம் மட்டும் வீடாகாது. எழுதும் உறுதியில் மனைவியின் பெயரும் இருக்கட்டும்.

2025 மே மாதத் தேர்தலில் உங்கள் வாசலுக்கு வந்து வாக்குக் கேட்டவர்கள் இன்று சபையில் இருக்கிறார்கள். அவர்களைக் காணும்போது வீதி விளக்கைப் பற்றி மட்டும் பேசாதீர்கள், சகோதரிகளே! “முத்திரைத் தீர்வைப் பணத்தில் தோட்டத்துக்கு எத்தனை வீடு?” என்றும் கேளுங்கள்.