இதயக் குறைபாட்டுடன் பிறந்தோரும் மூளையின் நாடிகளும்

பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஏறக்குறைய எட்டுக் குழந்தைகளுக்கு இதயத்தில் ஏதோவொரு குறைபாடு காணப்படுகின்றது. முன்னைய தலைமுறைகளில் இவர்களுட் பலர் பராயமடையும் முன்னரே இறந்துபோயினர். இன்று சத்திர சிகிச்சையின் வளர்ச்சியால் பெரும்பாலானோர் வளர்ந்து, தொழில் புரிந்து, குடும்பமும் நடத்துகின்றனர். ஆயினும், சிறுவயதில் செய்யப்பட்ட சத்திர சிகிச்சையோடு நோய் முற்றாக நீங்கிவிட்டது என எண்ணி வைத்தியப் பரிசோதனையைக் கைவிடுவது ஆபத்தானது. இதற்குப் பெருநாடி ஒடுக்கம் என்னும் நோய் தக்க உதாரணமாகும்.

இதயத்திலிருந்து புறப்படும் பெருநாடி, தலைக்கும் கைகளுக்கும் கிளைகளைக் கொடுத்த பின்னர் ஓரிடத்தில் பிறவியிலேயே ஒடுங்கியிருப்பதே இந்நோய். இதனால் உடலின் மேற்பகுதியில் குருதி அமுக்கம் உயர்ந்தும் கால்களில் தாழ்ந்தும் காணப்படும். 1944ஆம் ஆண்டு சுவீடனைச் சேர்ந்த கிளாரன்ஸ் கிராஃபோர்ட் இவ்வொடுக்கத்தை முதன்முதலாகச் சத்திர சிகிச்சை மூலம் சீர்செய்தார்.

எனினும், இந்நோயாளரின் மூளை நாடிகளில் பலவீனமான சுவர்ப்பகுதி பலூன் போன்று புடைக்கும் ‘அனியூரிசம்’ அதிகமாகக் காணப்படுகின்றது. பொதுமக்களில் நூற்றுக்குச் சுமார் மூவருக்கே இவ்வீக்கம் உண்டு. ஆனால் அமெரிக்காவின் மாயோ மருத்துவ நிலையம் 2003இல் வெளியிட்ட ஆய்வில், பரிசோதிக்கப்பட்ட 100 பெருநாடி ஒடுக்க நோயாளருள் பத்துப் பேரிடம் அது கண்டறியப்பட்டது.

இதற்கு இரு காரணங்கள் கூறப்படுகின்றன. முதலாவது, மூளை நாடிகள் நெடுங்காலம் தாங்கிய உயர் குருதி அமுக்கம். ஒடுக்கம் நீக்கப்பட்ட பின்னரும் பலருக்கு இவ்வமுக்கம் நீடிப்பதுண்டு. இரண்டாவது, கருவில் பெருநாடி வளைவின் சுவரையும் மூளையின் முற்பகுதி நாடிகளின் சுவரையும் உருவாக்குவதில் ஒரே வகைக் கலங்கள் பங்கேற்கின்றன. அவற்றின் குறைபாடு இரண்டிடத்தையும் பாதிக்கலாம் என்பது ஆய்வாளர் சிலரின் கருத்தாகும்.

இதனைக் கேட்டு அஞ்ச வேண்டியதில்லை. சிறிய வீக்கங்களிற் பெரும்பாலானவை ஒருபோதும் வெடிப்பதில்லை. இதனாலேயே, அறிகுறியற்ற அனைவருக்கும் மூளை நாடிகளை ஸ்கான் செய்து பார்க்க வேண்டுமா என்பதில் வைத்தியர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. தீங்கற்ற ஒரு சிறு வீக்கம் தேவையற்ற சிகிச்சைக்கும் ஆயுட்கால அச்சத்துக்கும் வழிவகுக்கலாம். இதனை நோயாளியும் இதயநோய் நிபுணரும் கலந்து பேசியே முடிவுசெய்தல் வேண்டும்.

ஆனால் வீக்கம் வெடிப்பின் உயிராபத்து மிகப் பெரிது. வாழ்நாளில் அதுவரை அனுபவித்திராத கடுமையான தலைவலி திடீரெனத் தோன்றுதல், வாந்தி, கழுத்து விறைப்பு, மயக்கம் என்பன அதன் அறிகுறிகளாகும். இவை தோன்றின் வலிநிவாரணி மாத்திரையை விழுங்கிவிட்டுக் காத்திராது, உடனடியாக வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

தடுக்கக்கூடிய காரணிகள் இரண்டு உள்ளன. புகைத்தலை முற்றாகக் கைவிட வேண்டும். குருதி அமுக்கத்தைக் கட்டுப்பாட்டில் வைத்திருக்க வேண்டும். இந்நோயாளருக்கு அதனை வலக்கையில் அளப்பதே பொருத்தமானது. இடக்கைக்குச் செல்லும் நாடி ஒடுக்கத்தாலோ பழைய சத்திர சிகிச்சையாலோ பாதிக்கப்பட்டிருப்பின், அக்கையில் அமுக்கம் தவறாகக் குறைந்து காட்டும்.

சிறுவயதில் தமக்குச் செய்யப்பட்ட சத்திர சிகிச்சை எதற்கானது என்பதைப் பலர் அறியாமலேயே வளர்ந்துவிடுகின்றனர். அதனைப் பெற்றோர் தம் பிள்ளைகளுக்கு எடுத்துரைத்து, பழைய வைத்தியக் குறிப்புகளையும் அவர்களிடம் ஒப்படைப்பது அவசியமாகும். நெஞ்சிலுள்ள தழும்பின் வரலாற்றை அறிந்தவரே தலைவலியின் பொருளையும் காலத்தோடு உணர்ந்துகொள்வார்.