விபூதி போட்டுத் தேய்த்த கொலம்பஸ்!

லீவில் சிகாகோவிலிருந்து வந்த அத்தான், பழைய காகிதத்தில் சுற்றிய ஒரு வெள்ளிக் காசை என் கையில் வைத்தார். 1892-ம் வருஷத்து அரை டாலர். ஒரு பக்கம் கொலம்பஸ், மறுபக்கம் அவருடைய கப்பல். அத்தான் குடியிருந்த வீட்டுக்காரப் பாட்டி, தாத்தா காலத்திலிருந்து பெட்டிக்குள்ளேயே வைத்திருந்ததாம்.

லேசாகப் பழுப்பேறியிருந்தது. விட்டு வைப்பேனா? விபூதியைப் போட்டுத் தேய் தேய் என்று தேய்த்தேன். பத்தே நிமிஷம்... குத்துவிளக்கு மாதிரி ஜொலித்தார் கொலம்பஸ்!

பெருமையாக ஒரு நாணய வியாபாரியிடம் காட்டினேன். லென்ஸ் வைத்துப் பார்த்தவர், "தேய்ச்சீங்களா சார்?" என்றார், துக்கம் விசாரிக்கிற குரலில். "புழக்கத்துக்கே போகாத காசு சார் இது!"

அப்புறம்தான் விவரம் சேகரித்தேன். அமெரிக்க அரசின் முதல் நினைவு நாணயமே இதுதான். சிகாகோ உலகக் கண்காட்சிக்கு நிதி திரட்ட, 50 சென்ட் காசை 1 டாலருக்கு விற்றார்கள். முதல் காசை ரெமிங்டன் டைப்ரைட்டர்காரர்கள் விளம்பரத்துக்காக 10,000 டாலருக்கு வாங்கினார்கள். அடேயப்பா! ஆனால் பொதுஜனம் அசரவில்லை. லட்சக்கணக்கில் மிஞ்சியதை முகமதிப்புக்கே புழக்கத்தில் விட்டார்கள். ஆகவே, கை மாறித் தேய்ந்த கொலம்பஸ் இன்றும் மலிவுதான். கை படாதவருக்குத்தான் மரியாதை!

1954 வரை இப்படிப் பல நினைவு அரை டாலர்கள் வந்தன. அதில் அபூர்வம், 1928 ஹவாய் காசு. கேப்டன் குக் அங்கே போய் 150 வருஷம் ஆனதற்காக அடித்தது. மொத்தமே சுமார் 10,000தான். அதிலும், தேய்த்துவிட்டால் மவுசு போச்சு.

காரணம் இருக்கிறது. அச்சு அழுத்தும்போது வெள்ளி விளிம்பை நோக்கி நகர்ந்து, கண்ணுக்குத் தெரியாத நுண்கோடுகள் விழுகின்றன. காசைச் சாய்த்தால் வெளிச்சம் சக்கரமாகச் சுழல்வது அதனால்தான். தேய்த்தால் கோடு போச்சு, திரும்ப வராது. அமெரிக்காவில் காசுகளுக்கு 70-க்கு மார்க் போடுகிறார்கள். 60-க்கு மேல் என்றால் புழங்காத காசு. தேய்த்த காசுக்கு மார்க்கே கிடையாது, 'சுத்தம் செய்யப்பட்டது' என்ற குறிப்பு மட்டும். நம்ம யுனிவர்சிட்டி பாஷையில், ரிசல்ட் வித்ஹெல்ட்!

மூன்று தலைமுறை தொடாமல் காத்ததை நான் பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டேன். போன வாரம் அத்தான் போனில் கேட்டார்: "காசு பத்திரமா இருக்கா?"

"பளபளன்னு இருக்கு அத்தான்!"

பொங்கலுக்கு வெள்ளிச் சாமான் தேய்க்க ஆள் வேண்டுமானால் சொல்லி அனுப்புங்கள். அந்த வேலை மட்டும் எனக்கு நன்றாக வருகிறது!