ஆடிக்காற்றில் கார்பன் வீல் எதுக்கு? ரோடு பைக் வாங்கும் முன் நம்ம ஊர் ரோட்டைப் பாருங்க!

"ரோடு பைக் வாங்கப் போறேன்" என்று நாகர்கோவிலில் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். "எத்தன சிசி?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். இன்ஜின் கிடையாது, கீழ்நோக்கி வளைந்த ஹேண்டில்பாரும் மெல்லிய டயரும் கொண்ட சைக்கிள் என்று விளக்கி, விலையையும் சொன்னால் அடுத்த கேள்வி ரெடி: "அந்தப் பைசாவுக்குப் பழைய பைக்கே வாங்கலாமே மக்கா?"

ஆனாலும் ஞாயிறு விடியற்காலையில் நாகர்கோவிலில் இருந்து கன்னியாகுமரிக்கும் பேச்சிப்பாறைக்கும் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு கிளம்புகிறவர்களைப் பார்க்கலாம். ஸ்ரீநகரில் தொடங்கும் தேசிய நெடுஞ்சாலை 44 வந்து முடிவதும் நம்ம மாவட்டத்தில்தான். காஷ்மீரைச் சேர்ந்த ஆதில் தேலி 2021-ல் ஸ்ரீநகர் – கன்னியாகுமரி தூரத்தை 8 நாட்களுக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் சைக்கிளில் கடந்து கின்னஸ் சாதனை படைத்தார். அப்படிப்பட்ட செய்திகளைப் பார்த்துவிட்டு, சம்பளம் வர ஆரம்பித்ததும் ரோடு பைக் ஆசை வருவது இயல்பு. எனக்கும் வந்தது.

கூடவே 'அப்கிரேட்' ஆசையும் வந்தது. கார்பன் வீலுக்காகக் காசு சேர்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில்தான், ஓர் ஆடி மாதக் காலையில், 50 மி.மீ. ஆழமுள்ள கார்பன் வீல் போட்ட சைக்கிளில் நண்பன் ஒருவன் முப்பந்தல் பக்கம் போனான். முந்திச் சென்ற லாரி காற்றை ஒரு நொடி மறைத்தது. லாரி கடந்ததும் மொத்தக் காற்றும் பக்கவாட்டில் வந்து முன்சக்கரத்தில் அறைந்தது. வெள்ளைக் கோட்டின் ஓரத்தில் இருந்தவன் ரோட்டின் நடுவுக்கே போய்விட்டான். பின்னால் வண்டி எதுவும் வரவில்லை, அதனால் பிழைத்தான்.

என்னிடம் இருந்த காசு பத்திரமாக இருந்தது. அதை எதில் போடுவது என்று முதலில் இருந்து யோசிக்க ஆரம்பித்தேன். அந்தத் தேடலில் தெரிந்துகொண்டவைதான் இந்தக் கட்டுரை.

நம்ம ரோடு எப்படிப்பட்டது?

குமரி மாவட்டம் சின்னது. ஆனால் ஒரே காலையில் மூன்று விதமான ரோட்டில் ஓட்டிவிடலாம்.

கிழக்கே தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்கள். இதுதான் பழைய நாஞ்சில் நாடு. வயலும் குளமுமாக, பெரும்பாலும் சமதளம். இங்கே எதிரி காற்று. தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் நெருக்கிக்கொண்டு பாய்கிறது. முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பதற்குக் காரணமே அதுதான்.

மேற்கே கல்குளம், விளவங்கோடு பக்கம் போனால் ரோடு மேலே ஏறி, கீழே இறங்கி, மறுபடி ஏறும். தக்கலை, மார்த்தாண்டம், குலசேகரம் வழியாக ஓட்டியவர்களுக்குத் தெரியும். நீண்ட மலையேற்றம் கிடையாது. குட்டையான, ஆனால் செங்குத்தான மேடுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். இங்கே எதிரி கியர்.

தெற்கே மணக்குடி, ராஜாக்கமங்கலம், முட்டம், குளச்சல் என்று கடலோர ரோடு. போட்டோவுக்கு அருமை. எதிரி உப்புக்காற்றும் மணலும்.

நம்ம காசு எங்கே போகணும் என்பதை இந்த மூன்றும்தான் தீர்மானிக்க வேண்டும்.

வாங்கும்போது எதைப் பார்க்கணும்?

முதலில் பிரேம் சைஸ். கலர், பிராண்ட், கியர் எல்லாம் அப்புறம். சீட்டை ஏற்றி இறக்கலாம். ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம்மை 10, 20 மி.மீ. குறைத்து மாட்டலாம். ஆனால் ஒரு சைஸ் பெரிதாக வாங்கிய பிரேமை எந்த அப்கிரேடாலும் சரிசெய்ய முடியாது. "ஆஃபர்ல இந்த சைஸ்தான் இருக்கு" என்றால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். ஒரே உயரத்துக்கு ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு நம்பர் போடும் என்பதால், ஏறி ஓட்டிப் பார்க்காமல் வாங்குவது ரிஸ்க்.

அடுத்து டயருக்கான இடைவெளி. பிரேமுக்கும் பிரேக்குக்கும் இடையே 28 மி.மீ. டயராவது நுழைய வேண்டும். 32 நுழைந்தால் இன்னும் நல்லது.

மூன்றாவது, பின்சக்கரத்தில் இருப்பது பழைய பாணியில் மரை போட்டுத் திருகும் பிரீவீலா, உருவி மாட்டும் கேசட்டா என்று கேளுங்கள். விலை குறைந்த மாடல்களில் 7 ஸ்பீடு பிரீவீல் இருக்கும். பின்னாளில் கியர் மாற்ற நினைத்தால் சக்கரத்தையே மாற்ற வேண்டிவரும்.

நான்காவது, குரூப்செட். கியர், பிரேக், செயின், கிராங்க் எல்லாம் சேர்ந்த தொகுப்புக்குத்தான் இந்தப் பெயர். ஷிமானோவில் கீழிருந்து மேலே போனால் கிளாரிஸ் 8 ஸ்பீடு, சோரா 9, டியாக்ரா 10, அதற்கு மேல் 105. இது முன்பு 11 ஸ்பீடு, இப்போது 12. தொடங்குகிறவர்களுக்கு கிளாரிஸோ சோராவோ தாராளம். ஆனால் 105 கட்டாயம் வேண்டும் என்று மனசு சொன்னால், அது பொருத்தி வரும் சைக்கிளையே வாங்குங்கள். சின்ன சைக்கிளை வாங்கிவிட்டு குரூப்செட்டைத் தனியாக மாற்றினால், இரண்டு சைக்கிளுக்கும் உள்ள விலை வித்தியாசத்தைவிடப் பெரும்பாலும் அதிகமாகவே செலவாகும்.

ஒரு நல்ல செய்தி: சைக்கிளுக்கும் அதன் உதிரிபாகங்களுக்கும் ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்தில் இருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. மிச்சமாகும் தொகையை ஹெல்மெட், லைட், பம்ப், பஞ்சர் கிட் என்று ஒதுக்கிவிடுங்கள்.

சரி, வாங்கியாச்சு. முதல் அப்கிரேட் என்ன?

காசே இல்லாத ஒன்று. சீட் உயரம்.

என் சைக்கிளைப் பார்த்த வயதான மெக்கானிக் அண்ணன் சொன்ன முதல் வார்த்தை, "வீலெல்லாம் பொறவு மாத்தலாம் மக்கா, மொதல்ல சீட்டத் தூக்கு." சீட்டில் உட்கார்ந்து, பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வையுங்கள். கால் நேராக நிற்க வேண்டும். அப்புறம் வழக்கம்போல முன்பாதத்தை வைத்து மிதித்தால் முட்டி லேசாக மடங்கி இருக்கும். அதுதான் சரியான உயரத்துக்குப் பக்கத்தில் உள்ள அளவு. பலர் பயத்தில் சீட்டை இறக்கி வைத்து ஓட்டிவிட்டு, முட்டி வலிக்கு சைக்கிளைக் குறை சொல்கிறார்கள்.

இரண்டாவது: டயர்

ஒரு காலத்தில் மெல்லிய டயர்தான் வேகம் என்று நம்பினார்கள். ரேஸ் வீரர்களே 23 மி.மீ. டயரில் இருந்து 28-க்கு வந்துவிட்டார்கள். குண்டும் குழியுமான ரோட்டில் கல்லாக இறுகிய டயர் ஒவ்வொரு மேட்டுக்கும் சைக்கிளைத் தூக்கிப் போடும். அந்தத் துள்ளலில் வீணாவது நம்ம சக்தி.

காற்று அளவும் முக்கியம். டயர் பக்கத்தில் எழுதியிருப்பது அதிகபட்ச அளவு. அதுவரை அடிக்கணும் என்று அர்த்தம் இல்லை. 70 கிலோ எடையுள்ளவருக்கு 28 மி.மீ. டயரில் ஏறக்குறைய 70 – 75 பிஎஸ்ஐ போதும். நல்ல டயர் ஒரு ஜோடி மாற்றினால் வேகம், பிடிமானம், பஞ்சர் மூன்றிலும் வித்தியாசம் தெரியும். இதே பலனை இதே செலவில் தரும் வேறு உதிரிபாகத்தை நான் பார்த்ததில்லை.

மூன்றாவது: ஏற்றத்துக்கு ஏற்ற கியர்

கொஞ்சம் கணக்கு போடலாம். பல ரோடு பைக்குகளில் முன்னால் சின்ன பல்சக்கரத்தில் 34 பல், பின்னால் பெரியதில் 28 பல். பெடலை ஒரு சுற்று சுற்றினால் சைக்கிள் 2.6 மீட்டர் நகரும். பின்னால் 34 பல் உள்ள கேசட் போட்டால் 2.1 மீட்டர்தான்.

தூரம் குறைந்தால் நஷ்டம்தானே என்று தோன்றும். செங்குத்தான மேட்டில் மணிக்கு 8 கி.மீ. வேகம்தான் முடிகிறது என்று வையுங்கள். 28 பல்லில் நிமிடத்துக்கு 51 சுற்று, ஒவ்வொன்றும் முக்கி முக்கி மிதிக்கணும். 34 பல்லில் 63 சுற்று, ஒவ்வொரு மிதியும் லேசாகும். முட்டிக்குப் பாரம் கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்கு குறைகிறது. குலசேகரம் பக்கம் அடிக்கடி போகிறவர்களுக்கு இதுதான் உண்மையான அப்கிரேட்.

ஒரு எச்சரிக்கை. பின்னால் கியரை மாற்றும் கைக்கு (டீரெய்லர்) இத்தனை பல் வரைதான் தாங்கும் என்று ஒரு வரம்பு உண்டு. அதைப் பார்த்துவிட்டு கேசட் வாங்குங்கள். கேசட் பெரிதானால் செயினும் நீளமாக வேண்டியிருக்கும். 8 ஸ்பீடுக்கு 8 ஸ்பீடு செயின், 9-க்கு 9. கலந்து மாட்டினால் கியர் தடுமாறும். 8-ல் இருந்து 9-க்குப் போகணும் என்றால் கேசட்டோடு ஷிஃப்டரும் செயினும் மாறணும்.

அப்போ கார்பன் வீல்?

சமதளத்தில் வேகமாகப் போகும்போது நாம் போராடுவது பெரும்பாலும் காற்றோடுதான். காற்று நம்மைத் தடுக்கும் விசை வேகத்தின் வர்க்கமாக ஏறும். காற்றில்லாத நேரத்தில் 20 கி.மீ. வேகத்தில் போகிறீர்கள். எதிர்க்காற்று 20 கி.மீ. வேகத்தில் வந்தால், அதே வேகத்தில் போக 4 மடங்கு தடையைத் தாண்டணும். அந்தத் தடையில் பெரும்பங்கு நம்ம உடம்புதான். முழங்கையை மடக்கி, ஹேண்டில்பாரின் கீழ்ப்பகுதியைப் பிடித்துக் குனிந்தால் கிடைக்கும் லாபத்தை எந்த வீலும் தராது. அதுக்குக் காசும் கிடையாது.

ஆழமான ரிம் காற்றைக் கிழித்துப் போகும் என்பது உண்மைதான். ஆனால் பக்கவாட்டுக் காற்றில் அது பாய்மரம் மாதிரி. அதிலும் முன்சக்கரத்தில் காற்று பட்டால் ஹேண்டிலே திரும்பிவிடும். ஆடி மாதத்தில் ஆரல்வாய்மொழிப் பக்கம் ஓட்டுகிறவர்கள் முன்னால் 30, 35 மி.மீ. ஆழத்துக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது.

எடை குறையுமே என்றால், அதையும் கணக்குப் பார்க்கலாம். ஓட்டுபவர் 75 கிலோ, சைக்கிள் 10 கிலோ. 1 கிலோ குறைத்தால் மொத்தத்தில் 1.2 சதவீதம். ஒரு மணி நேரம் இடைவிடாமல் ஏறும் மலையில் மிச்சமாவது சுமார் 40 நொடி. நம்ம மேடுகள் பலதும் சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

கடலோரத்தில் ஓட்டினால்?

முட்டம் போய் வந்தால் அன்றைக்கே நல்ல தண்ணீரில் மெதுவாகக் கழுவி, துணியால் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விடுங்கள். இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. மழையில் ஓட்டியபின் பிரேக் கட்டையில் ஒட்டியிருக்கும் மணலை எடுக்காவிட்டால் அது ரிம்மையே அரைத்துவிடும்.

சீட் போஸ்ட்டை மாதம் ஒருமுறை கழற்றி கிரீஸ் தடவுங்கள் (கார்பனாக இருந்தால் அதற்கான பேஸ்ட்). உப்புக்காற்றில் இரண்டு உலோகங்கள் ஒட்டி இறுகிவிட்டால் வெட்டித்தான் எடுக்கணும்.

செயின் தேய்ந்ததா என்று பார்க்க ஒரு அடி ஸ்கேல் போதும். புதிய செயினில் 12 இணைப்புகள் சரியாக 12 அங்குலம். அது 12-க்கு மேல் 1/16 அங்குலம் நீண்டுவிட்டால் செயினை மாற்றுங்கள். 1/8 அங்குலம் ஆகும்வரை விட்டால் கேசட்டும் சேர்ந்து போகும்.

ரோட்டில் நின்றுபோனால் பக்கத்துக் கடையில் சரியாகுமா?

ஓரளவுக்கு ஆகும். வீல் கோட்டம் எடுக்க, பஞ்சர் ஒட்ட நம்ம ஊர்க் கடைக்காரர்கள் கில்லாடிகள். பொருள் வாங்கும்போதுதான் குழப்பம். "28 டியூப் கொடுங்கண்ணே" என்று கேட்டால், பழைய பெரிய சைக்கிளுக்கான 28 × 1½ டியூபைத் தருவார்கள். நமக்கு வேண்டியது 700 × 28. முன்னதில் 28 என்பது சக்கரத்தின் அங்குல அளவு, நமதில் டயர் அகலத்தின் மி.மீ. அளவு. ரிம்மே வேறு: அது 635 மி.மீ., நமது 622 மி.மீ.

வால்வும் ஒல்லியான பிரெஸ்டா வகையாக இருக்கும். கடையில் உள்ள பம்ப் சேராது. சின்ன பித்தளை அடாப்டர் ஒன்றும், மாற்று டியூப் ஒன்றும் சீட்டுக்கு அடியில் பையில் எப்போதும் இருக்கட்டும்.

சுருக்கமாக...

• சைஸ் சரியில்லாத சைக்கிள் இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம்.
• செலவு வரிசை: ஹெல்மெட், லைட் – சீட் உயரம் – டயர் – கியர் – பிரேக் கட்டை, கேபிள். வீல் கடைசியில்.
• செகண்ட்ஹேண்ட் என்றால் பிரேமில் வெல்டிங் மூட்டுகளில் விரிசல் இருக்கிறதா, சீட் போஸ்ட் அசைகிறதா, செயின் நீண்டிருக்கிறதா, சக்கரம் கோட்டமா என்று பாருங்கள். பில்லும் கேளுங்கள்.
• மே கடைசியில் இருந்து செப்டம்பர் வரை கணவாய்ப் பக்கம் காற்றைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

வீலுக்குச் சேர்த்த காசில் ஒரு ஜோடி 28 மி.மீ. டயரும் 34 பல் கேசட்டும் வாங்கினேன். மிச்சம் இன்னும் அக்கவுண்டில் இருக்கிறது. நண்பனும் பழைய வீலையே திரும்ப மாட்டிவிட்டான். இப்போதும் இருவரும் ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறோம். ஆரல்வாய்மொழி போகலாமா, குலசேகரம் போகலாமா என்பதை முந்தின நாள் ராத்திரி தென்னை மரம் ஆடுகிற ஆட்டத்தைப் பார்த்து முடிவு பண்ணுவோம்.