ஆடாத பல்

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் சென்ற ஆண்டு தம் பேத்தியோடு என் மருத்துவமனைக்கு வந்தார். ஆறு ஆண்டுகளுக்கு முன் கீழ்த்தாடையில் ஊன்றிய செயற்கைப் பல்லின் ஓரத்தில், துலக்கும்போது இரத்தம் கசிகிறதாம். “வலியில்லை, பல் ஆடவுமில்லை. இந்தப் பெண்தான் அஞ்சுகிறாள்” என்றார்.

இம்ப்ளாண்ட் என்று வழங்கும் இந்த ஊன்றுபல், தாடையெலும்பில் பதித்த டைட்டானியத் திருகின்மேல் நிற்பது. ஸ்வீடன் அறிஞர் பிரோனெமார்க், ஆய்வுக்காக முயலின் எலும்பில் பதித்த டைட்டானியக் கூடு எலும்போடு ஒன்றிவிட்டதைக் கண்டார். 1965-ஆம் ஆண்டில் மனிதத் தாடையில் அதைப் பயன்படுத்தினார்.

இயற்கைப் பல்லோ எலும்போடு ஒன்றியதன்று. இடையே மெல்லிய நார்ப்படலம் அதனைத் தாங்குகிறது. ஈறின் நார்களும் பல்வேரில் குறுக்கே பதிந்து, கிருமிகளுக்குத் தடையாய் நிற்கின்றன. திருகைச் சுற்றியுள்ள நார்கள் அதனைப் பற்றுவதில்லை. அதன் நீளப்போக்கிலேயே ஓடுகின்றன. ஆகவே படிந்த அழுக்கிலுள்ள கிருமிகளால் எழும் அழற்சி எளிதில் கீழிறங்குகிறது. எலும்பு கரைந்தால் இயற்கைப் பல் ஆடி எச்சரிக்கும். திருகோ, அடியில் சிறிது எலும்பு எஞ்சியிருக்கும்வரை அசையாது. ஆசிரியரை ஏமாற்றியது அந்த உறுதிதான்.

அழற்சி ஈறோடு நின்றால் தூய்மை செய்வதால் பெரும்பாலும் தணியும்; எலும்பு கரைந்தபின் இழந்தது தானே மீளாது. இரண்டையும் பிரித்தறிய, நுண்ணிய அளவுகோலை ஈறிடுக்கில் மெல்லச் செலுத்திப் பார்ப்போம். பிறகு எக்ஸ்ரே படத்தைப் பல் பொருத்தியபோது எடுத்த படத்தோடு ஒப்பிடுவோம். ஆசிரியரிடம் பழைய படம் இல்லை. (பணம் கட்டிய ரசீது இருந்தது!) அத்தகைய நிலையில், இரத்தமோ சீழோ கசிந்து, இடுக்கின் ஆழம் 6 மில்லிமீட்டரும் எலும்பின் இறக்கம் 3 மில்லிமீட்டரும் எட்டியிருந்தால் எலும்புநோய் என்று கொள்வது 2018-இல் வெளியான பன்னாட்டு வகைப்பாடு. அவருக்கு ஆழம் 7, இறக்கம் 4.

முதற்பல்லை அவர் இழந்ததே ஈறுநோயால்தான். அத்தகையோருக்கும், புகைப்போருக்கும், நீரிழிவைக் கட்டுப்படுத்தாதோருக்கும் இந்நோய் வரும் வாய்ப்பு மிகுதி. இவருக்கு நீரிழிவும் இருந்தது.

முதலில் கருவியால் தூய்மை செய்தோம், சீழ் நிற்கவில்லை. பின்னர் ஈறைத் திறந்து, அழன்ற தசையை நீக்கி, திருகின் புரிகளைத் துலக்கினேன். எலும்பு பற்றுவதற்கென்றே சொரசொரப்பாக்கிய பரப்பு அது. கிருமிக்கும் அதுவே நல்ல புகலிடம். குழியின் வடிவம் இடங்கொடுத்தால் எலும்புத்தூள் இட்டு நிரப்புவதுண்டு. இவருக்கு அது பொருந்தவில்லை.

இப்போது மூன்று திங்களுக்கு ஒருமுறை வருகிறார். பல்லிடுக்கில் நுழையும் சிறு தூரிகையைக் கையாள அவருக்குப் பேத்தியே பழக்கினாள். கசிவு நின்றுவிட்டது. 4 மில்லிமீட்டர் எலும்பு போனது போனதுதான்.