மின்னஞ்சல் இணைப்பு திறக்க மறுக்கும்போது: தற்காலிகக் கோப்புப் பிழைகளும் தீர்வுகளும்

சபை வரி அறிவித்தல், மருத்துவ நிபுணருக்கான பரிந்துரைக் கடிதம், பிள்ளைகளின் பாடசாலைப் படிவம் எனப் பல முக்கிய ஆவணங்கள் இன்று மின்னஞ்சலின் இணைப்பாகவே வீடு வந்து சேர்கின்றன. நேற்றுவரை தடையின்றித் திறந்த இணைப்பு, ஒருநாள் திடீரெனத் திறக்க மறுக்கலாம். கோப்பை உருவாக்க முடியவில்லை, கோப்புறையின் அனுமதிகளைச் சரிபார்க்கவும் என்ற பொருளில் ஓர் ஆங்கிலச் செய்தி திரையில் தோன்றும்.

இதனைக் கண்டதும் கணினி பழுதடைந்துவிட்டது என்றோ மின்னஞ்சல் அழிந்துவிட்டது என்றோ அஞ்ச வேண்டியதில்லை. பெரும்பாலான வேளைகளில் மின்னஞ்சலும் இணைப்பும் பத்திரமாகவே இருக்கும். இணைப்பைத் திறப்பதற்குக் கணினி பயன்படுத்தும் தற்காலிக இடத்திலேயே சிக்கல் நேர்ந்திருக்கும். அவ்விடத்தைத் துப்புரவு செய்தால் பிழை நீங்கும். ஆயினும் அவசரப்பட்டுத் துப்புரவு செய்தால், நிரப்பி முடித்த படிவத்தின் ஒரே பிரதியும் சேர்ந்து அழியக்கூடும். எனவே முதலில் மீட்பு, அதன் பின்னரே துப்புரவு என்ற ஒழுங்கைப் பின்பற்றுவது அவசியம்.

தற்காலிகக் கோப்பு என்றால் என்ன?

மின்னஞ்சலில் உள்ள இணைப்பை இருமுறை சொடுக்கும்போது, மின்னஞ்சலுக்குள் இருக்கும் மூல ஆவணம் நேரடியாகத் திறப்பதில்லை. மின்னஞ்சல் மென்பொருள் அதன் பிரதியொன்றை மறைவான ஒரு கோப்புறையில் வைத்து, அந்தப் பிரதியையே திறந்து காட்டுகிறது. இதுவே தற்காலிகக் கோப்பு ஆகும்.

வேலை முடிந்ததும் மென்பொருள் இப்பிரதியை வழக்கமாக நீக்கிவிடும். ஆனால் ஆவணம் திறந்திருக்கும்போதே மின்னஞ்சல் மென்பொருளை மூடினால், அல்லது கணினி திடீரென நின்றுபோனால், பிரதி நீக்கப்படாமல் தங்கிவிடும். ஆண்டுக்கணக்கில் இவ்வாறு தங்கும் பிரதிகளே பின்னர் பிழைக்குக் காரணமாகின்றன.

பிழை தோன்றுவதற்கான காரணங்கள்

*ஒரே பெயரில் பல பிரதிகள்.* விண்டோஸ் கணினிகளில் இயங்கும் பழைய வடிவ அவுட்லுக்கில் இது பரவலாகக் காணப்படும் காரணம். ஒரே பெயருடைய இணைப்பு மீண்டும் திறக்கப்படும்போது, அவுட்லுக் அப்பெயருடன் ஓர் எண்ணைச் சேர்த்துப் புதிய பிரதியை வைக்கிறது. அந்த எண் 99 வரையே செல்லும். அதன்பின் அதே பெயரில் வேறு பிரதி வைக்க இடமில்லாததால் பிழைச் செய்தி எழுகிறது. 'ஸ்கேன்', 'இன்வொய்ஸ்' போன்ற பொதுப் பெயர்களுடன் மாதந்தோறும் வரும் ஆவணங்களில் இது நேர வாய்ப்பு அதிகம். ஓர் இணைப்பு மட்டும் திறக்க மறுத்து, வேறு பெயருடையவை திறக்குமாயின் இதுவே காரணமாக இருக்கக்கூடும்.

*வட்டில் இடமின்மை.* கணினியின் சேமிப்பு வட்டு நிரம்பிவிட்டால் எந்தப் பிரதியையும் வைக்க இயலாது. அப்போது மின்னஞ்சல் மட்டுமன்றி ஏனைய மென்பொருள்களும் தடுமாறும்.

*வைரஸ் தடுப்பு மென்பொருளின் தலையீடு.* புதிதாகத் தோன்றும் ஒவ்வொரு கோப்பையும் இது பரிசோதிக்கும். அவ்வேளையில் கோப்பு சற்று நேரம் பூட்டப்பட்டு, மின்னஞ்சல் மென்பொருளால் அதனை அணுக முடியாமற் போகலாம். இதற்காக வைரஸ் தடுப்பை நிறுத்திவைத்தல் கூடாது. சிறிது நேரம் கழித்து மீண்டும் முயன்றால் போதுமானது.

படி 1: இணைப்பைத் திறக்காமல் சேமித்தல்

ஆவணம் உடனடியாகத் தேவையெனில், இணைப்பின்மீது சுட்டியின் வலது பொத்தானை அழுத்தி, 'சேவ் அஸ்' என்பதைத் தெரிவுசெய்து, 'டொக்கியூமென்ட்ஸ்' கோப்புறையில் சேமிக்கவும். பின்னர் அங்கிருந்து திறக்கவும். இவ்வழி மறைவான தற்காலிகக் கோப்புறையைத் தவிர்ப்பதால் பெரும்பாலும் வெற்றியளிக்கும்.

அதன்பின் திறந்திருக்கும் வேலைகளைச் சேமித்துவிட்டு, கணினியை மீள இயக்கிப் பார்க்கவும். பூட்டப்பட்ட கோப்புகள் இதனால் விடுபடும்.

படி 2: நிரப்பிய படிவங்களை மீட்டல்

இணைப்பாக வந்த படிவத்தை மின்னஞ்சலிலிருந்தே திறந்து, நிரப்பி, 'சேவ்' பொத்தானை அழுத்தியவர்கள் இப்படியைத் தவிர்க்கலாகாது. சில மென்பொருள்கள் வேறிடத்தில் சேமிக்குமாறு கேட்கும். வேறு சில எதுவும் கேட்காமல் தற்காலிகப் பிரதியிலேயே எழுதிவிடும். அத்தகைய நிலையில் மின்னஞ்சலை மீண்டும் திறந்தால் வெறுமையான படிவமே தென்படும். நிரப்பிய பிரதி தற்காலிகக் கோப்புறையிலேயே கிடக்கலாம்.

அதனைத் தேட, படிவத்தைத் திறந்த மென்பொருளின் 'ரீசன்ட்' பட்டியலை முதலில் பார்க்கவும். அங்கு அது காணப்பட்டால் திறந்து, 'சேவ் அஸ்' வழியாக 'டொக்கியூமென்ட்ஸ்' கோப்புறைக்கு மாற்றவும். காணப்படாவிடின் அடுத்த படியில் கூறப்படும் கோப்புறையில் தேடவும்.

படி 3: அவுட்லுக் கோப்புறையைத் துப்புரவு செய்தல்

1. அவுட்லுக்கையும் திறந்துள்ள எல்லா ஆவணங்களையும் மூடவும்.

2. 'ஃபைல் எக்ஸ்ப்ளோரர்' சாளரத்தைத் திறக்கவும். விண்டோஸ் 11 இல் 'வியூ', 'ஷோ', 'ஹிடன் ஐட்டம்ஸ்' என்ற ஒழுங்கில் தெரிவுசெய்தால் மறைந்துள்ள கோப்புறைகள் புலப்படும்.

3. 'சி' வட்டில் தொடங்கி, 'யூசர்ஸ்', பயனரின் பெயர், 'ஆப்டேட்டா', 'லோக்கல்', 'மைக்ரோசொஃப்ட்', 'விண்டோஸ்', 'ஐநெட்கேஷ்', 'கன்டென்ட் டொட் அவுட்லுக்' என ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்து செல்லவும். இறுதியில் எழுத்துகளும் எண்களும் கலந்த பொருளற்ற பெயருடைய ஒரு கோப்புறை இருக்கும். பிரதிகள் அதற்குள்ளேயே உள்ளன.

4. இவற்றைத் திகதி வாரியாக ஒழுங்குபடுத்திப் பார்க்கவும். தேவையான படிவம் எதுவும் இருந்தால் 'டொக்கியூமென்ட்ஸ்' கோப்புறைக்குப் பிரதியெடுக்கவும்.

5. எஞ்சிய கோப்புகளை மட்டும் நீக்கவும். மேலுள்ள கோப்புறைகள் எதனையும் நீக்கக் கூடாது.

சில கணினிகளில் 'ஐநெட்கேஷ்' கோப்புறை அப்போதும் தெரியாமலிருக்கலாம். இயங்குதளத்தின் பாதுகாக்கப்பட்ட கோப்புகளை மறைக்கும் அமைப்பே அதற்குக் காரணம். அவ்வமைப்பை மாற்றிப் பழக்கமில்லாதவர்கள் இதனை அறிந்த ஒருவரின் உதவியை நாடுவது நன்று.

படி 4: வட்டில் இடம் ஏற்படுத்தல்

வட்டு நிரம்பியிருப்பின், 'செட்டிங்ஸ்', 'சிஸ்டம்', 'ஸ்டோரேஜ்', 'டெம்பரரி ஃபைல்ஸ்' என்ற ஒழுங்கில் சென்று தேவையற்றவற்றை நீக்கலாம். அப்பட்டியலில் 'டவுன்லோட்ஸ்' என்பதும் இடம்பெறும். பலர் தமது கடவுச்சீட்டுப் பிரதிகளையும் வங்கி அறிக்கைகளையும் அங்கேயே வைத்திருப்பர். ஆகையால் அதன் எதிரே அடையாளம் இடப்பட்டிருக்கவில்லை என்பதை உறுதிசெய்த பின்னரே நீக்கும் பொத்தானை அழுத்தவும்.

தண்டர்பேர்ட் பயன்படுத்துவோருக்கு

தண்டர்பேர்ட் மென்பொருளில் நீக்கப்பட்ட மின்னஞ்சல்கள் உடனே வட்டிலிருந்து அகல்வதில்லை. 'கொம்பாக்ட்' எனப்படும் சுருக்கும் செயல் நடந்த பின்னரே அவை பிடித்திருந்த இடம் விடுபடும். இச்செயலின்போது மின்னஞ்சல் கோப்புறையின் தற்காலிகப் பிரதி ஒன்று எழுதப்படுகிறது. ஆகவே கோப்புறை பெரிதாயின் வட்டிலும் அதற்கேற்ற இடம் இருத்தல் வேண்டும். இடம் போதாமையால் அல்லது வேறு தடையால் செயல் பாதியில் நின்றால், 'என்எஸ்டிஎம்பி' எனத் தொடங்கும் பெயருடன் புதிய கோப்புறைகள் பட்டியலில் தோன்றலாம். இவற்றுள் மின்னஞ்சல்கள் இருக்கின்றனவா என்று பார்த்து, அவை உரிய கோப்புறையிலும் உள்ளன என்பதை உறுதிப்படுத்திய பின்னரே நீக்கவும்.

பிறர் பயன்படுத்தும் கணினிகளில் கவனம்

உறவினர் வீட்டிலோ பொது இடத்திலோ உள்ள கணினியில் திறக்கப்பட்ட இணைப்பும் தற்காலிகக் கோப்பாகத் தங்கிவிடலாம். விசாக் கடிதம், மருத்துவ அறிக்கை, சான்றளிக்கப்பட்ட அடையாளப் பிரதி ஆகியவை அவ்வாறு பிறர் கைக்கு எட்டுவது ஆபத்தானது. ஆவணத்தை முதலில் மூடி, அதன்பின் மின்னஞ்சலை மூடி, கணக்கிலிருந்து வெளியேறும் பழக்கம் பிரதிகள் தங்குவதைக் குறைக்கும்.

மோசடி அழைப்புகள்

பிழைச் செய்தியுடன் தொலைபேசி எண்ணொன்றும் காட்டப்பட்டால் அது மோசடியே. மைக்ரோசொஃப்ட் நிறுவனத்தின் உண்மையான பிழைச் செய்திகளில் தொலைபேசி எண் இருப்பதில்லை. கணினியைத் திருத்துவதாகக் கூறித் தாமாகவே அழைப்பவர்களுக்குக் கணினியின் கட்டுப்பாட்டையோ வங்கி விபரங்களையோ வழங்கக் கூடாது. இத்தகைய முயற்சிகளை ஸ்காம்வொட்ச் இணையத்தளத்தில் அறிவிக்கலாம்.

உதவி பெறும் வழிகள்

50 வயதைக் கடந்தோர், அவுஸ்திரேலிய அரசின் 'பீ கனெக்டட்' திட்டத்தின் ஊடாகக் கணினி அடிப்படைகளைக் கட்டணமின்றிக் கற்கலாம். படிவத்தின் இறுதித் திகதி நெருங்கிவிட்ட நிலையில் இணைப்பு திறக்கவில்லையெனில், அதனை அனுப்பிய அலுவலகத்தைத் தாமதமின்றித் தொடர்புகொண்டு அச்சுப் பிரதி கோரலாம். தமிழில் பேச விரும்புவோர் 131 450 என்ற எண்ணில் தேசிய மொழிபெயர்ப்பு மற்றும் உரைபெயர்ப்புச் சேவையை அழைத்து, உரிய அலுவலகத்துடன் இணைக்குமாறு கேட்கவும்.

நினைவில் கொள்ள வேண்டியது

நிரப்பவோ திருத்தவோ வேண்டிய எந்த இணைப்பையும் முதலில் சேமிக்கவும், பின்னர் திறக்கவும். இவ்வொழுங்கைக் கடைப்பிடித்தால் தற்காலிகக் கோப்புறை என்றேனும் நிரம்பினாலும், அதனுடன் முக்கியமான ஆவணம் எதுவும் தொலைந்து போகாது.