பாத்ரூம் டைல்ஸ் கிரவுட்: பில் வாங்கினா வரி குறையுமா?

வாடகைக்கு விட்ட ஃபிளாட்ல, பாத்ரூம் தரை டைல்ஸ் இடுக்குல இருக்கிற கிரவுட் உதிருது. "ஆள் வச்சு செஞ்சு, பில் வாங்கி வரியில கழிச்சுக்கலாமா?" முடியாது.

வாடகையில, நீங்க கட்டின சொத்து வரி போக மீதியில 30% கழிவு தர்றாங்க. மீதி 1,80,000 ரூபாய்னா கழிவு 54,000. பழைய, புதிய ரெண்டு வரி முறையிலும் உண்டு. ரிப்பேருக்கு எவ்வளவு செலவழிச்சாலும் கழிவு அதேதான், பில்லே தேவையில்லை. அப்போ ரிப்பேர்ல மிச்சம் பிடிக்கிற ஒவ்வொரு ரூபாயும் முழுசா உங்களுக்கே.

அதனால இந்தச் சின்ன வேலையை நீங்களே செய்யலாம். குடியிருக்கிறவங்க ஊருக்குப் போற நாளாப் பாருங்க.

1. டைல்ஸைக் காசால தட்டுங்க. உள்ளே காலியா சத்தம் கேட்டாலோ, டைல் ஆடினாலோ, கீழ் வீட்டு சீலிங்ல ஈரம் இருந்தாலோ கிரவுட் மட்டும் போதாது. விவரம் தெரிஞ்ச ஆளைக் கூப்பிடுங்க.

2. பழைய கிரவுட்டை 2-3 மி.மீ. ஆழம் சுரண்டி, தூசி போகக் கழுவி, நல்லா காயவிடுங்க.

3. புது கிரவுட்டை ரப்பர் பட்டி பிளேடால இடுக்குல அழுத்தி நிரப்புங்க. லேசா இறுகினதும் ஈர ஸ்பான்ஜால துடைங்க.

4. சுவரும் தரையும் சேர்ற மூலைக்கு கிரவுட் வேண்டாம், சிலிக்கான் சீலன்ட் போடுங்க.

5. பாக்கெட்ல போட்டிருக்கிற நேரம் முடியற வரை தண்ணி படக்கூடாது.

தள்ளிப்போட்டு, தண்ணி உள்ளே இறங்கி, டைல்ஸையே பேர்க்க வேண்டி வந்தா? அப்பவும் கழிவு அதே 30%தான்.